தொலைந்த செக் துட்டு வாங்கியது!

1

"வீ...ல்!"

அலறல் அக்கவுண்ட்ஸ் அறையிலிருந்து வந்தது.

பாலிஷ் மெஷின்கள் நின்றன. பதக்கத்துக்கு ரிப்பன் கோத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பேக்கிங்கில் இருந்தவர்கள் அட்டைப் பெட்டிகளைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவன் மேனேஜர். சேர்மனின் மனைவிக்குத் தம்பி. அதனால் கம்பெனி முழுக்க அவனுக்கு 'மச்சான்' என்றே பெயர். கையில் செல்போன். கேமரா திறந்தபடி!

"என்ன ஆச்சு? யாரு விழுந்தது? ரத்தம் வருதா?"

ரத்தம் இல்லை.

பிணம் இல்லை.

நாற்காலியில் கணக்கம்மா உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. அவளுக்கு முன்னால், மேஜையில் ஒரே ஒரு தாள்...

பாங்க் ஸ்டேட்மென்ட்!

"ப்ச்... இவ்வளவுதானா?" மச்சான் ஏமாற்றத்தோடு கேமராவை மூடினான். "கரப்பான் பூச்சின்னு நினைச்சேன்."

"கரப்பானா இருந்தா செருப்பால அடிச்சிருப்பேன் சார். இதை எதால அடிக்கறது? இங்க பாருங்க. பதினாறாம் தேதி. மரக்கடைக்கு நாலு லட்சத்து இருபதாயிரம். செக் நம்பர் 431."

"சரி, நாமதானே கொடுத்தோம்?"

"நாமதான் கொடுத்தோம். இப்ப கீழ வாங்க. பத்தொன்பதாம் தேதி. அதே நாலு லட்சத்து இருபதாயிரம். செக் நம்பர் 417!"

"417-ன்னா...?"

"தொலைஞ்ச செக்!"

மச்சானின் வாய் திறந்தது. மூடவில்லை.

கோப்பைக்கும் கேடயத்துக்கும் அடியில் வைக்கும் மரப் பீடங்களைச் செய்து தருபவர் மரக்கடைக்காரர். மூன்றாம் தேதி அவருக்கு ஒரு செக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, செக் தன்னிடம் இல்லை என்று வந்து நின்றார். பதினாலாம் தேதி வேறு செக் கொடுத்தார்கள். அதைப் போட்டுப் பணம் எடுத்துக்கொண்டார். கதை முடிந்தது என்று கணக்கம்மா அந்தப் பக்கத்தில் டிக் அடித்திருந்தாள்.

முடிந்த கதை இப்போது எழுந்து உட்கார்ந்து பணம் கேட்டு வாங்கியிருக்கிறது!

"தொலைஞ்ச செக் எப்படிக் காசாகும் கணக்கம்மா?"

"அதுக்குத்தானே சார் கத்தினேன்!"

ட்ரிங்... ட்ரிங்...

இன்டர்காம்.

மறுமுனையில் சேர்மன். "என் நிறுவனத்தில் அலறியது யார்?"

2

சேர்மனின் அறையில் நாற்பத்தொரு கோப்பைகள் இருந்தன.

எல்லாமே ஆர்டர் கொடுத்தவர்கள் வாங்காமல் போனவை. பெயர்த் தகட்டை மட்டும் மாற்றி சேர்மனின் பெயரைப் பொறித்து அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் 'சிறந்த நீச்சல் வீராங்கனை' என்ற வரியை எடுக்க மறந்துவிட்டார்கள். சேர்மனுக்கு நீச்சல் தெரியாது. மற்ற தகுதியும் இல்லை.

அவர் எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். எதிரில் ஒருவர் இருந்தாலும் ஓராயிரம் பேர் இருப்பது போல.

"கணக்கம்மா! நம் நிறுவனத்தில் எதுவும் தொலைவதில்லை. தொலைந்தால்... அது திருட்டு!"

"சார், நான் அன்னைக்கே சொன்னேன். செக்குல மேல ரெண்டு கோடு போட்டுடலாம், அப்பத்தான் பேர் போட்டவங்க கணக்குக்கு மட்டும் போகும்னு."

"என் காசோலையின் மேல் கோடா? கோடு கிழித்தால் அது அடித்துத் திருத்திய தாள் போல இருக்கும். ஒரு தலைவனின் கையொப்பத்துக்கு அது இழுக்கு!"

"இப்ப யாரோ அதை இழுத்துட்டுப் போயிட்டாங்களே சார்! கோடு இல்லாத செக்கு. கையில வச்சிருந்தவங்க யாரா இருந்தாலும் நீட்டினா பணம்."

சேர்மன் முகம் கறுத்தது. அவர் கம்பெனியின் பித்தளையைப் போலவே, வேகமாக.

"மரக்கடைக்காரருக்கு நான் என் கையால் கொடுத்தேன். புகைப்படம் இருக்கிறது. புதிய காசோலையும் கொடுத்தாயிற்று. பழையதை வங்கியில் நிறுத்திவைப்பது யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் சார். பதினாலாம் தேதியே லெட்டர் எழுதித் தந்தேனே? 'செக் எண் 417 தொலைந்துவிட்டது, பணம் தர வேண்டாம்'னு. ரெண்டே வரி. நீங்கதான் நடை சரியில்லை, நானே திருத்தி அனுப்பறேன்னு வாங்கி வச்சுக்கிட்டீங்க."

"அனுப்பினேன்! வங்கியின் முத்திரையோடு ரசீதும் இருக்கிறது!" அவர் மேஜையைத் தட்டினார். நீச்சல் வீராங்கனை ஆடியது. "ஆகவே தவறு என் பக்கம் இல்லை. காசோலைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? உங்களிடம். கணக்கு யாரிடம்? உங்களிடம்!"

ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். யாருக்கும் பொருந்தும்படி எப்போதோ டைப் அடித்துத் தயாராக இருந்தது.

கணக்கம்மா படித்தாள்.

'என்னால் ஏற்பட்ட இழப்பை என் சம்பளத்தில் முழுமையாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்...'

அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். பதினெட்டு மாதச் சம்பளம்! வீட்டுக்காரர் காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். ஒன்பது மாதமாக அந்த ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"சார்... நான் எடுக்கல சார்."

"மாலை நான்கு மணி! அதற்குள் கையெழுத்து. இல்லையேல் காவல்துறை!"

பின்னால் நின்ற மச்சான் மணிக்கட்டைத் திருப்பினான். புத்தம் புதிய கைக்கடிகாரம் பளபளத்தது!

கணக்கம்மா அதைப் பார்த்தாள்.

போன வாரம் வரை அந்தக் கை காலியாகத்தானே இருந்தது...?

3

பாங்க்.

அவள் டோக்கன் எண் 96. போர்டில் எரிந்தது 41.

ஒரு மணி நேரம் கழித்து மூன்றாம் கவுன்டர்.

"ஸ்டாப் பேமென்ட்டா? நாலுல கேளுங்க மேடம்."

நான்காம் கவுன்டர்.

"இங்க ஏன் வந்தீங்க? அது மூணு."

"மூணுலதான் நாலுன்னாங்க!"

"அப்ப ரெண்டா இருக்கும்."

இரண்டாம் கவுன்டரில் 'மூடப்பட்டுள்ளது' என்று ஒரு அட்டை. அட்டைக்குப் பின்னால் ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். கண்ணில் நீர் முட்ட, கணக்கம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரால் ஒரு வாய்கூட மென்று விழுங்க முடியவில்லை. பயந்துபோய் டிபன் பாக்ஸோடு எழுந்து போய், ஒரு இளம் அதிகாரியைக் கூட்டி வந்தார்.

அதிகாரிக்கு டை. முகத்தில் சிரிப்பு. பயிற்சியில் கொடுத்த சிரிப்பு.

"சொல்லுங்க மேடம்."

"நிறுத்தச் சொன்ன செக்குக்கு எப்படி சார் பணம் கொடுத்தீங்க?"

"நீங்க நிறுத்தச் சொல்லலையே மேடம்."

"பதினஞ்சாம் தேதி லெட்டர் வந்திருக்கு. உங்க சீல் அடிச்ச ரசீது இது!"

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். அலமாரியைத் திறந்தார். ஒரு ஃபைல், இரண்டாம் ஃபைல், மூன்றாம் ஃபைல். இல்லை. தலையைச் சொறிந்தார். திடீரென்று அவர் முகத்தில் நிஜமான சிரிப்பு ஒன்று வந்தது.

"ஓ... அந்த லெட்டரா! அது இங்க இருக்காது மேடம். ஒரு நிமிஷம்!"

உள்ளே ஓடினார். ரோஜா நிற ஃபைல் ஒன்றோடு வந்தார். அதன் மேல் எழுதியிருந்தது: 'வாழ்த்துகளும் பாராட்டுகளும்'.

"எங்க மேனேஜர் இதை ஒரு வாரம் நோட்டீஸ் போர்டுல போட்டிருந்தார் மேடம். இவ்வளவு அழகா எங்களுக்கு யாரும் எழுதினதே இல்ல."

கணக்கம்மா ஃபைலைத் திருப்பினாள்.

'பேரன்புமிக்க வங்கிப் பெருந்தகையீர்! தங்கள் ஓயாச் சேவை கண்டு உள்ளம் நெகிழ்கிறோம். எமது கரத்தினின்று புறப்பட்ட காசோலை ஒன்று, தன் பயணத்தில் சற்றே தாமதிக்கின்றது. அது தங்கள் வாசலை அடையுமாயின், அதன்பால் தக்க பரிவு காட்ட வேண்டுகிறோம்...'

கீழே பச்சை மையில், பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, சேர்மனின் கையெழுத்து.

"இதுல... செக் நம்பர் எங்க?"

"இல்லையே மேடம். தொலைஞ்சதுன்னும் இல்ல, நிறுத்துங்கன்னும் இல்ல."

"நான் நம்பர் எழுதியிருந்தேனே! ரெண்டே வரிதானே எழுதினேன்!"

"பரிவு காட்டச் சொன்னாங்க. காட்டினோம். வந்தவங்களை நிக்கக்கூட வைக்கல. ஏழு நிமிஷத்துல பணம் கொடுத்தோம்."

கணக்கம்மாவுக்குச் சிரிப்பதா, அதே ரோஜா நிற ஃபைலால் மண்டையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

"வந்தது யாரு சார்?"

சிரிப்பு மறுபடி பயிற்சிச் சிரிப்பாகிவிட்டது.

"அதைச் சொல்ல முடியாது மேடம்."

"செக்குக்குப் பின்னாடி கையெழுத்து வாங்கியிருப்பீங்கள்ல? அதை மட்டும் காட்டுங்க."

"உங்க சேர்மன் கையெழுத்து போட்ட கடிதம் வேணும்."

"அவர் கடிதத்தாலதான் சார் இவ்வளவும்!"

"இல்லன்னா போலீஸ் வரணும்."

"ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லுங்க. என் பொழைப்பே போகப் போகுது சார்!"

அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் எதுவும் சொல்லல. ஆனா, வந்தவங்க ஒரு மாதிரி. பணத்தை ரெண்டு தடவை எண்ணினாங்க. நோட்டு அழுக்கா இருக்குன்னாங்க. போகும்போது, இங்க குடிக்கற தண்ணி நல்லாவே இல்லைன்னு புகார்ப் புத்தகத்துல எழுதிட்டு வேற போனாங்க. எழுதி முடிச்சு, பேனாவும் சரியில்லைன்னாங்க!"

திருட வந்த இடத்தில் தண்ணீரைக் குறை சொல்லும் திருடனா?

மணி ஒன்று ஐம்பது.

நான்கு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம்...

4

மரக்கடையில் ரம்பம் இரைந்தது. மரத்தூள் கணக்கம்மாவின் முடியில் இறங்கியது.

"அண்ணே!"

"என்னது?"

"ரம்பத்தை நிறுத்துங்கண்ணே!"

மரக்கடைக்காரர் நிறுத்தினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "வா தங்கச்சி. உக்காரு."

உட்கார இருந்த ஒரே மேஜை விசித்திரமாக இருந்தது. நாலடி நீளம். மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'நாலு லட்சத்து இருபதாயிரம் மட்டும்'.

"இது என்னண்ணே?"

"உங்க சேர்மன் கொடுத்த செக்கு. காலு அடிச்சு மேஜையாக்கிட்டேன். பலகை நல்ல பலகை. பாங்க்லதான் வாங்க மாட்டேன்னுட்டான்."

"அண்ணே, விளையாடாதீங்க. நாலு மணிக்கு என்னைத் திருடின்னு போலீஸ்ல கொடுக்கப் போறாங்க. மூணாம் தேதி என்னதான் நடந்தது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மரக்கடைக்காரரின் முகம் மாறியது.

"உன்னையா? அடப்பாவிகளா! கேளு. உங்க ஆளு சும்மா செக் கொடுக்க மாட்டாரே. விழா எடுப்பாரே. கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு வந்தார். செக்கை நீட்டினார், நான் வாங்கினேன். மச்சான் படம் பிடிச்சான். பார்த்தா அதுல சேர்மன் கண்ணு மூடியிருக்கு!"

"சரி..."

"'மீண்டும்'னார். செக்கைத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டாவது தடவை கண்ணு திறந்திருக்கு, செக்கு தெரியல. தபால் தலை மாதிரி இருக்கு. 'என் கொடை சிறியதாகத் தெரிகிறதே'ன்னு குதிச்சார். உடனே மச்சான் உள்ள ஓடிப் போய் இந்தப் பலகையைத் தூக்கிட்டு வந்தான். மூணாவது படம் இதை வச்சு. அவ்வளவுதான்... இதை என் தலையில வச்சு அனுப்பிட்டாங்க."

"நிஜ செக்?"

"அவர் கையில இருந்தது. பலகையைப் பிடிக்க ரெண்டு கையும் வேணுமே? செக்கை எங்கயோ சொருகினார்."

கணக்கம்மா எழுந்தே விட்டாள்.

"எங்கண்ணே?"

"கோட்டுல, மேல் பாக்கெட்டுல."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லலையா? முதல்ல அதைத்தான் சொன்னேன்! 'என் பாக்கெட்டையா சந்தேகப்படுகிறாய்? இனி ஆர்டர் கிடையாது'ன்னார். எனக்கு ஏழு பேர் வேலை செய்யறாங்க தங்கச்சி. சரி சாமி, நான்தான் தொலைச்சேன், வேற கொடுங்கன்னு ஒத்துக்கிட்டு வாங்கிட்டு வந்தேன்."

"இப்ப வந்து சொல்வீங்களா?"

அவர் ரம்பத்தைப் பார்த்தார். உள்ளே வேலை செய்த ஆட்களைப் பார்த்தார். பென்சிலைக் காதில் திரும்ப வைத்தார்.

"நான் சொன்னா நம்புவாரா? என் வாய்க்கு எதிரா அவர் வாய். சாட்சி வேணும்."

சாட்சி!

கணக்கம்மாவின் மூளைக்குள் ஒரு பல்ப் எரிந்தது.

மூன்றாவது படம்... அது இப்போது எங்கே மாட்டியிருக்கிறது?

5

கம்பெனியின் நீண்ட தாழ்வாரத்தில், இரண்டு பக்கமும் ஃப்ரேம் போட்ட படங்கள். சேர்மன் செக் கொடுக்கிறார். சேர்மன் செக் கொடுக்கிறார். சேர்மன் செக் கொடுக்கிறார். வாங்குபவர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்கள்.

மணி மூன்று பத்து.

கணக்கம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஸ்டூல் ஆடியது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

பித்தளைத் தகடு சப்ளையர் படம். சேர்மனின் கோட்டு மேல் பாக்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டை, முக்கோணமாக.

ரிப்பன் சப்ளையர் படம். வெள்ளைக் கைக்குட்டை.

அட்டைப் பெட்டி சப்ளையர் படம். வெள்ளைக் கைக்குட்டை.

மரக்கடைக்காரர் படம்.

பெரிய பலகைச் செக். அதன் பின்னால் பல்லெல்லாம் தெரிய சேர்மன். பாக்கெட்டில் வெள்ளைக் கைக்குட்டை... அதன் பக்கத்தில்...

இளம்பச்சையாக ஒரு மூலை!

கம்பெனி செக்கின் நிறம்!

"இருபது நாளா இதோ நட்ட நடுச் சுவத்துல தொங்குது!" கணக்கம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள். சேர்மன் தன் படங்களில் தன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் அந்தப் படங்களையே பார்ப்பதில்லை.

"கணக்கம்மா! என்ன பண்றீங்க? இறங்குங்க!"

மச்சான்! மூச்சு வாங்க நின்றான். மணிக்கட்டில் அந்தக் கடிகாரம்!

"சார், மூணாம் தேதி போட்ட கோட்டு எங்க?"

"எ... எந்தக் கோட்டு?"

"சேர்மனோட கோட்டு. அதை யாரு கழட்டி வாங்கினது?"

"அ... அத்தான் வீட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டார். அது விழாவுக்கு மட்டும்தான். பீரோவுல தொங்கும்."

"நீங்க அந்த வீட்டுக்குப் போக வர இருக்கிறவர்தானே?"

"அதுக்கு?"

"கடிகாரம் புதுசு போல இருக்கே!"

மச்சான் சடாரென்று கையைப் பின்னால் மறைத்தான். நெற்றியில் வியர்வை!

"இது... இது வந்து..."

"அதோ!"

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் முழங்கியது.

சேர்மன்! பக்கத்தில் காக்கிச் சட்டை! ஒரு இன்ஸ்பெக்டர்!

"அதோ, என் புகைப்படத்தைத் திருட முயல்கிறாள்! ஆய்வாளரே, கைது செய்யுங்கள்!"

ஸ்டூல் ஆடியது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கணக்கம்மா இறங்கினாள்.

"நாலு மணின்னுதானே சார் சொன்னீங்க?"

"ஒரு தலைவன் காலத்துக்குக் காத்திருப்பதில்லை!"

6

சேர்மன் அறை.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். வயிறும் பொறுமையும் கொஞ்சம் முன்னால் வந்த மனிதர். ஒரு ஃபைலைத் திறந்தார்.

"மத்தியானம் நீங்க கொடுத்தனுப்பின புகார் சார். நாலு பக்கம். மூணு பக்கத்துல உங்க வாழ்க்கை வரலாறு. கடைசிப் பக்கத்துல 'ஒரு கயமை நிகழ்ந்தது'ன்னு இருக்கு. என்ன கயமைன்னு இல்ல. செக் நம்பர் இல்ல, தேதி இல்ல."

"அற்ப விவரங்கள் நடையைக் கெடுக்கும்."

"நல்லவேளை, உங்க பாங்க்ல எல்லாரும் உங்க நடையை ஞாபகம் வச்சிருக்காங்க. போன உடனே காட்டினாங்க."

கணக்கம்மா தன் 96-ஆம் டோக்கனை நினைத்துக்கொண்டாள்.

"சார், நான் ஒண்ணு காட்டலாமா?" படத்தை மேஜையில் வைத்தாள். பச்சை மூலையின் மேல் விரல். "தொலைஞ்ச செக் இது. மரக்கடைக்காரர் வாங்கிட்டுப் போகவே இல்ல. சேர்மன் சாரோட கோட்டுலயே வீட்டுக்குப் போயிருக்கு."

சேர்மன் குனிந்து பார்த்தார். முதல் முறையாகத் தன் முகத்துக்குக் கீழே பார்த்தார்.

"இது... இது கைக்குட்டையின் நிழல்!"

"பச்சை நிழலா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர். "கோட்டு எங்க?"

"சலவைக்குப் போயிருக்கும்! எனக்கென்ன தெரியும்? என் வீட்டிலிருந்து எடுத்துத் திருடும் துணிச்சல் யாருக்கு..."

சேர்மன் நிறுத்தினார்.

மெதுவாக, எல்லோருடைய கண்களும் மச்சான் பக்கம் திரும்பின.

"என்ன மணி தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் நெளிந்தான். பின்னால் இருந்த கை முன்னால் வந்தது.

"பத்து பத்து சார்."

"என்னது?"

"ஓடாது சார்... பரிசா கொடுக்கற கடிகாரத்துக்கு வந்த சாம்பிள். உள்ள மெஷின் கிடையாது. சும்மா அழகுக்குக் கட்டிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்... கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு முப்பத்தஞ்சு. சரி, நேரத்தை ஓட்ட வேணாம். பணம் வாங்கின ஆள் அடையாளச் சீட்டு கொடுத்துத்தான் வாங்கியிருக்கு. பாங்க்ல நகல் இருந்தது. அந்த முகவரிக்குப் போனேன். பிடிச்சுக் கூட்டிட்டும் வந்துட்டேன். கீழ ஜீப்புல உக்காந்திருக்காங்க. சீட்டு சரியில்ல, ஜன்னல் சரியில்லன்னு என் டிரைவரைத் திட்டிட்டிருக்காங்க."

கணக்கம்மாவின் காதில் மணி அடித்தது.

தண்ணீர் சரியில்லை... பேனா சரியில்லை...

கதவு திறந்தது!

"உங்க ஆபீஸ் படிக்கட்டு ஏன் இப்படி வழுக்குது?"

உள்ளே வந்தவள், கையில் ஒரு பெரிய பார்சலைச் சுமந்திருந்தாள். யாரையும் கேட்காமல் சேர்மனின் மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"தண்ணியும் நல்லாவே இல்ல."

சேர்மன் நாற்காலியிலிருந்து எழுந்தார். திரும்ப விழுந்தார்.

"நீ... நீயா?"

"அக்கா!" என்றான் மச்சான்.

சேர்மனின் மனைவி!

"நானேதான். என்னமோ திருடின்னு சொல்றாங்களே? உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேனா, இல்லையா? கோட்டைச் சலவைக்குப் போடறேன், பாக்கெட்டுல ஒரு செக் இருக்கே, மரக்கடை பேர் போட்டிருக்கே, என்ன பண்ணட்டும்னு?"

சேர்மன் கண்களை மூடிக்கொண்டார். முதல் படத்தில் இருந்தது போல.

"நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்களேன் இப்ப!"

"அ... அது..."

"நான் சொல்றேன். 'அற்ப விஷயங்களைத் தலைவனிடம் கொண்டு வராதே. நீயே பார்த்து முடிவு செய்'னு, மைக் பிடிச்ச மாதிரி சொன்னீங்க. பார்த்தேன். முடிவு செஞ்சேன்!"

"நாலு லட்சத்து இருபதாயிரத்தை என்னம்மா பண்ணினீங்க?" கணக்கம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாம் இவருக்குத்தான் கணக்கம்மா! சேர்மன் ஆகி இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போகுது, ஒருத்தன்கூடப் பாராட்டு விழா எடுக்கலையேன்னு ஆறு மாசமா சாப்பிடும்போதெல்லாம் புலம்பல். சரி, நாமளே பண்ணிடுவோம்னு பார்த்தேன்."

பார்சலைக் கிழித்தாள்.

உள்ளே ஒரு கேடயம். இரண்டடி உயரம். தங்க முலாம். அறையிலிருந்த நாற்பத்தொரு கோப்பைகளும் அதன் முன்னால் கரி பிடித்த டம்ளர்கள் போல ஆகிவிட்டன. நடுவில் பொறித்திருந்தது: 'தன்னிகரற்ற தலைவர்'.

சேர்மனின் கண்களில் நீர் துளிர்த்தது. கேடயத்தை வாங்கித் தடவினார். திருப்பினார்.

பின்புறம் ஒரு சின்ன முத்திரை.

அதைக் கண்ணருகே கொண்டு போனார்.

"இது... இது எதிர்த் தெருக் கம்பெனி! என் பரம எதிரி!"

"ஆமா. பின்ன நம்ம கம்பெனிலயா வாங்குவாங்க? நம்ம பித்தளை பத்து நாள்ல கறுத்துடுமே! அவங்க பத்து வருஷம் கேரன்டி கொடுக்கறாங்க. எழுதியே கொடுத்திருக்காங்க. நம்பரெல்லாம் போட்டு!"

"அத்தான்," மச்சான் செல்போனை எடுத்தான். "அக்கா கையால வாங்கற மாதிரி ஒரு போட்டோ...?"

"மூடுறா டேய்!"

இருபத்தைந்து வருடத்தில் சேர்மன் பேசிய முதல் பேச்சுத் தமிழ்!

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"குடும்ப விஷயத்தை அப்புறம் பார்க்கலாம். சார், உங்க புகாரைப் பதிவு பண்ணியாச்சு. நம்பர் விழுந்தாச்சு. எங்க ரைட்டர் நாலு மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பிடுவார். அதுக்குள்ள வாபஸ் கடிதம் வந்தா சரி. வரலைன்னா, அம்மாவை நான் கூட்டிட்டுப் போயே ஆகணும்."

"ஸ்டேஷனுக்கா? உங்க ஸ்டேஷன்ல ஃபேன் ஓடுமா?" என்றாள் சேர்மனின் மனைவி.

"மணி என்ன?" சேர்மன் பதறினார்.

"பத்து பத்து..." என்று ஆரம்பித்த மச்சான், அத்தானின் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

"மூணு நாப்பத்தஞ்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "சின்னதா எழுதுங்க சார். வாழ்க்கை வரலாறு வேணாம். யாரு, என்ன, எந்த நம்பர் புகார். அவ்வளவுதான்."

சேர்மன் பேனாவைத் திறந்தார். பச்சை மை. 'பேரன்புமிக்க காவல்துறைப் பெருந்தகையீர்!' என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்ட, சேர்மன் அந்த வரியை அடித்தார். 'எமது இல்லத்தினின்று...' என்று ஆரம்பித்தார். அடித்தார். தாளைக் கசக்கினார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மேஜைமேல் சொட்டியது.

மூன்று ஐம்பது.

"கணக்கம்மா..." குரல் தேய்ந்து வந்தது. "ரெண்டே வரில எழுதுவியேம்மா... எனக்கு அது வரமாட்டேங்குது. நீயே எழுதிடேன்."

கணக்கம்மா நிதானமாகத் தன் பையைத் திறந்தாள். காலையில் அவர் தள்ளிவிட்ட அந்த டைப் அடித்த தாளை எடுத்தாள்.

"முதல்ல இது சார். நான் கையெழுத்து போடணுமா?"

"ஐயோ, வேண்டாம்மா!"

"அப்ப நாலு லட்சத்து இருபதாயிரத்தை யாரு கணக்குல எழுதட்டும்?"

சேர்மன் மனைவியைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"எ... என் சொந்தக் கணக்குல."

"இவங்க எல்லாரும் சாட்சி."

"சாட்சி!" என்றாள் சேர்மனின் மனைவி, எல்லோருக்கும் முன்னால்.

கணக்கம்மா அந்தத் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நாற்காலியை இழுத்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சேர்மனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டரின் ஃபைலை எட்டிப் பார்த்தாள். புகார் எண் எட்டு இலக்கத்தில் பளிச்சென்று இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டு.

"சீக்கிரம் எழுதும்மா!"

கணக்கம்மா பேனாவைத் தாளில் ஊன்றி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நம்பர் போடலாமா சார்... இல்ல, அழகு கெட்டுடுமா?"